ஐந்தாம் வரி

வாஷிங்டனில் போட்ட கையெழுத்து காயும் முன்
லிங்கன் நகரத்தின் மூன்றாம் மாடியில்
மில்டா ஹவ்லிச்செக்கின் திரையில்
ஒரு எண் சிவப்பானது.

இங்கே யாரும் கை தூக்கவில்லை.
நெப்ராஸ்காவின் சட்டமன்றம்
ஜூலை வெயிலில் பூட்டிக் கிடந்தது.
தரை துடைப்பவர் மட்டும்
நாற்காலிகளை நகர்த்திக்கொண்டிருந்தார்.
ஆனாலும் சட்டம் மாறிவிட்டது.

மாநிலப் படிவத்தின் ஐந்தாம் வரி சொல்கிறது:
‘மத்தியப் படிவத்தில் உங்களுக்கு வந்த தொகையை
இங்கே எழுதவும்.’
அவ்வளவுதான்.
அந்த ஒரு வரியில்தான் தொடங்குகிறது
இந்த ஊரின் எல்லா வரியும்.
மேலே ஒரு கை குறைத்து எழுதினால்
கீழே தானாகக் குறையும்,
நடுவில் கார்பன் தாள் வைத்த மாதிரி.

புதிய விதி இது:
வாங்கிய இயந்திரத்தின் முழு விலையையும்
வாங்கிய ஆண்டிலேயே கழித்துக்கொள்ளலாம்.
தேய்மானம்
இனிமேல் காலம் செய்யும் வேலையில்லை.

நூற்றெண்பது மைல் வடக்கே
கார்வின் டிரூபா அதை வண்டி வானொலியில் கேட்டான்.
ஒவ்வொரு செப்டம்பரும் சோள நடுவில்
மூச்சு நின்றுபோகும் பழைய அறுவடை இயந்திரம்.
அதற்கு முட்டுக்கொடுத்தே பதினாறு ஆண்டு.
கணக்காளர் சொன்னார்: ‘வாங்குவதென்றால் டிசம்பருக்குள்.’
வாங்கினான்.
ஏழு லட்சத்துச் சில்லறை டாலர்.
இருக்கையில் இன்னும் பிளாஸ்டிக் உறை.

விற்ற கடை இரண்டு புது மெக்கானிக் சேர்த்தது.
அதில் ஒருத்தி, முதல் சம்பளத்தில்,
மகனுக்குப் பல்லில் கம்பி கட்டினாள்.
அதையும் சொல்ல வேண்டும்.
மில்டா சொன்னாள்; அதற்கென ஒரு பத்தியே உண்டு,
‘திரும்பி வரும் வருவாய்’ என்று.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்களே,
அவள் வேலை போடுவதல்ல, அளப்பது மட்டும்.
போனது நூறு. வந்தது பதினொன்று.

மழை பெய்ததற்கு
வானிலைக்காரனைத் திட்டுவதுபோல்
ஜனவரியில் அவளைத் திட்டினார்கள்.
மேலே இருப்பவர்கள் கடன் எழுதித் தள்ளலாம்;
இங்கே வரவுக்குள் செலவு,
மாநிலத்தின் சாசனம் அப்படி.
ஒரு உறுப்பினர் எழுந்தார், இருமல் பிடித்த மனிதர்:
‘ஐந்தாம் வரிக்குக் கீழே
இன்னொரு வரி சேர்ப்போம்.
அங்கே கழித்ததை இங்கே திரும்பக் கூட்டுங்கள் என்று.’
‘விவசாயி கையில் இருப்பதைப் பிடுங்கவா?’
என்றது பின்வரிசை.
இரண்டு வாக்கில் தோற்றது.
பிறகு பட்டியல் வந்தது.
பழுதுபார்க்க வேண்டிய பாலங்கள் முப்பத்தொன்று.
பென்சிலால் பன்னிரண்டாயின.
மில்டா பென்சில் முனையை ஊதினாள்.
தேநீர் ஆறியிருந்தது.

செப்டம்பர்.
உறை கிழித்து, கார்வின் ஏறி உட்கார்ந்தான்.
ஓடைக்கு அக்கரையில் சோளம்
பழுத்து, காய்ந்து, காற்றில் சலசலத்தது.
பாலத்தின் தலையில் புதிய பலகை:
எடை வரம்பு எட்டு டன்.

அவன் ஏறி உட்கார்ந்திருப்பது இருபது டன்.

இயந்திரத்தை நிறுத்தவில்லை. இறங்கவும் இல்லை.
கொஞ்ச நேரம் அந்தப் பலகையைப் பார்த்தான்,
அதில் இன்னொரு பூஜ்யம் சேருமா என்பதுபோல்.
தண்ணீர் கணுக்கால் அளவுதான்.
கரைதான் செங்குத்து.
பிறகு பின்னோக்கி, பீப் பீப் என்று,
அரை மைல் வந்து திரும்பினான்.

சுற்றுவழி பத்தொன்பது மைல்.
மணிக்கு இருபது மைல் போகும் அந்தப் பச்சை அரண்மனை.
பின்னால் ஒரு பள்ளிப் பேருந்து;
அதற்கும் அந்தப் பாலம் இல்லை.
பிள்ளைகள் ஜன்னலில் கை அசைத்தார்கள்.
பதிலுக்கு ஹார்ன் அடித்தான்,
சந்தோஷமாகவா என்று எனக்குத் தெரியாது.

அந்த அறுவடை முழுக்க
போக, வர, போக, வர.
அக்டோபர் கடைசியில் ரசீதுகளைச்
செருப்புப் பெட்டியில் போட்டு
கணக்காளரிடம் கொடுத்தான்.
அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கூட்டினார்.
கூடுதல் டீசல்: தொழில் செலவு.
முழுதாகக் கழிக்கலாம்.

கழித்தார்.
மீதித் தொகை இறங்கி வந்தது,
மத்தியப் படிவத்திலிருந்து
ஐந்தாம் வரிக்கு.

லிங்கனில், மூன்றாம் மாடியில்,
அவன் பெயரே கேள்விப்படாத மில்டாவின் திரையில்
ஒரு எண்
இன்னும் கொஞ்சம் சிவந்தது.